அப்பாவின் கையெழுத்தில் ஐந்து பேர்

வாடகை வீட்டைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் எங்கட பட்ச்சில் ஒருவர் கேட்டார், "அதில எழுத என்ன இருக்கு? காசைக் குடுக்கிறம், இருக்கிறம், படிப்பு முடிஞ்சா வெளிக்கிடுறம்." நாங்களும் போன ஜூலை வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் கலைப்பீடம், எல்லோரும் பெண்கள். முதல் வருடம் ஹொஸ்டலில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள். திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பாதி கிடைத்தது. இரண்டு அறை, ஒரு குசினி, கிணற்றடியோடு சேர்ந்த பாத்றூம். மாதம் 25,000. ஆளுக்கு 5,000. மூன்று மாத அட்வான்ஸ் 75,000, அதாவது ஆளுக்கு 15,000. மகாபொலவே 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 5,000 இலிருந்து 7,500 ஆனது என்பதை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். அந்த 15,000 எங்களில் ஒருத்திக்கு அம்மா சீட்டில் எடுத்துக் கொடுத்த காசு. இன்னொருத்தி தோட்டை அடகு வைத்தாள்.

வீட்டுக்கார அன்ரியோடு கதைத்தது நாங்கள் இல்லை. எங்களில் ஒருத்தியின் அப்பா. வடமராட்சிக்காரர், ஓய்வுபெற்ற அதிபர். வெள்ளைச் சேட்டும் கையில் குடையுமாக வந்து விறாந்தையில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் வீடு எங்களுக்கென்று ஆகிவிட்டது. கடையில் வாங்கி வந்த தாளில் முத்திரை ஒட்டி, அவரும் அன்ரியும் கையெழுத்து வைத்தார்கள். "பிள்ளையள் ஐஞ்சு பேர் இருப்பினம்" என்று வாயால் சொன்னார். தாளில் அவருடைய பெயர் மட்டும்தான். அந்த வீட்டில் ஒரு இரவும் படுக்காத ஒருவர் அந்த வீட்டின் வாடகையாளர். ஒவ்வொரு மாதமும் காசு கொடுத்து, கிணற்றடி கழுவி, கறையான் தட்டிக்கொண்டு அங்கே இருந்த நாங்கள் யார் என்று தாளில் எங்கும் இல்லை.

ஏன் அவரை அனுப்பினோம் என்பதையும் சொல்லவேண்டும். அதுதான் இந்தக் கதையின் பாதி. அதற்கு முன்பு நாங்களே மூன்று வீடு ஏறி இறங்கியிருந்தோம். "எந்த ஊர் பிள்ளை? ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" இந்தக் கேள்விகள் எதற்குக் கேட்கப்படுகின்றன என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த எங்கட சினேகிதியிடம் ஒரு வீட்டில் ஊரைக் கேட்டவுடனே "அறை ஏற்கனவே சொல்லிப்போட்டம்" என்றார்கள். வாசலில் "ரூம் வாடகைக்கு" மட்டை அடுத்த கிழமையும் தொங்கியது. அதனால்தான் ஒரு அதிபரின் முகத்துக்குப் பின்னால் ஐந்து பேரும் ஒளிந்துகொண்டோம். யாருடைய பெயர் தாளில் வருகிறது என்பது தற்செயல் இல்லை. யாருக்கு ஊரில் முகம் இருக்கிறதோ அவருடைய பெயர் வரும். முகம் இல்லாதவர்கள் "கூட இருக்கிற பிள்ளையள்" ஆகிவிடுவார்கள்.

ஜூலை நடுப்பகுதியில் அதிபரின் மகளுக்குத் திரும்ப ஹொஸ்டலில் இடம் கிடைத்தது. நல்ல விசயம்தானே, நாங்களும் சந்தோசப்பட்டோம். அப்பா அன்ரிக்கு போன் எடுத்து, இந்த மாதத்தோடு மகள் வெளிக்கிடுகிறாள் என்று சொன்னார். மற்ற நாலு பேரும் தொடர்ந்து இருப்பார்கள் என்றுதான் அவர் நினைத்தார். அன்ரி அப்படி நினைக்கவில்லை. அன்று பின்னேரம் எங்கட பக்கத்துக்கு வந்து, "மாதக் கடைசியோட நீங்களும் எழும்புங்கோ பிள்ளையள், நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கனடாவிலயிருந்து ஆக்கள் வருகினம்" என்றா. இருக்க விரும்பினால் திருவிழா முடிந்த பிறகு வரலாம், வாடகை 32,000, அட்வான்ஸ் புதிதாக.

அப்போது எங்களுக்குச் சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. "அன்ரி, எங்கட அட்வான்ஸ் உங்களிட்டத்தானே இருக்கு?" என்று கேட்டோம். அவ சொன்ன பதிலை நாங்கள் மறக்கமாட்டோம். "உங்களோட எனக்கென்ன கதை பிள்ளை? நான் அவவின்ர அப்பாவோடதானே கதைச்சனான்."

கோபப்பட்டோம், அழுதோம், கடைசியில் எழும்பினோம். 75,000 இல் பெயின்ற் அடிக்க 18,000, கரண்டுக்கு 9,500 கழித்து, மிச்சம் 47,500ஐ அன்ரி அதிபருக்குக் கொடுத்தா. அவர் ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 9,500 படி அடுத்த நாளே போட்டுவிட்டார். நல்ல மனிசன். தன்னால்தான் எங்களுக்கு இப்படி ஆனது என்று போனில் வெட்கப்பட்டார். ஆனால் நாங்கள் யோசித்துப் பார்த்தோம். அவர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால்? அந்தக் காசு எங்களுடையது என்று காட்ட எங்களிடம் என்ன இருந்தது? இரண்டு வட்ஸ்அப் செய்தி, ஒரு வங்கிச் சிட்டை. மற்ற எல்லாம் கைக்காசு.

எங்களில் இளையவளின் நிலைமை இன்னும் மோசம். அவள் தொடக்கத்தில் வந்தவள் இல்லை. முதலில் இருந்த ஒருத்தி படிப்பை இடையில் விட்டுவிட்டு வெளிநாடு போனபோது, அந்த இடத்துக்கு வந்தவள். வரும்போது 15,000ஐ அன்ரியிடம் கொடுக்கவில்லை, போகிறவளின் கையில் கொடுத்தாள். கம்பஸைச் சுற்றியுள்ள அறைகளில் இதுதான் வழமை. சீனியர் அக்கா வெளிக்கிடும்போது ஜூனியரிடம் அட்வான்ஸை வாங்கிக்கொள்வா. அந்த ஜூனியர் அடுத்த ஜூனியரிடம் வாங்குவாள். முதலில் வீட்டுக்காரரிடம் காசு கொடுத்தவர் யாரென்று நாலு வருடத்துக்குப் பிறகு ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் தன்னிடம் இருக்கிற அந்தப் பழைய தொகையை யாருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்? கேட்டால், "உங்களிட்ட நான் வாங்கவே இல்லையே" என்பார். அவர் சொல்வது பொய்யுமில்லை. சங்கிலியின் கடைசியில் நிற்கிற பிள்ளைதான் முழுத் தொகையையும் சுமக்கிறாள்.

கரண்ட் கணக்கிலும் ஒரு விசயம். வீட்டில் மீற்றர் ஒன்றுதான். முன்பக்கம் அன்ரி, பின்பக்கம் நாங்கள். பில் இன்னும் அன்ரியின் காலஞ்சென்ற கணவரின் பெயரில் வருகிறது (கையெழுத்து வைத்த ஆள் இருக்கவில்லை, பில் பெயர்க்காரர் உயிரோடு இல்லை, அங்கே இருந்த எங்களுக்கோ பெயரே இல்லை, நல்ல வீடு). வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு விலைப் பட்டியலுக்குப் போய்விடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து பேரும் ஒரு குடும்பமும் ஒரே மீற்றரில் இருந்தால் எந்த மாதமும் மேல்படிதான். எனவே அன்ரி கூடக் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கலாம். அந்த 9,500 எப்படி வந்தது என்று பில்லைக் காட்டியிருந்தால் நாங்களும் அதை ஏற்றிருப்போம். காட்டவில்லை. காட்டச் சொல்லிக் கேட்க, கணக்கில் நாங்கள் ஒரு தரப்பாக இருக்கவேண்டுமே.

இதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். சட்டம் படிக்கும் ஒரு சினேகிதி இரண்டு பின்னேரம் எங்களோடு இருந்து விளங்கப்படுத்தினாள். முதலாவதாக அவள் சொன்னது எங்களைச் சிரிக்க வைத்தது. நாங்கள் ஏதோ பெரிய பத்திரம் என்று நினைத்த அந்தத் தாளே அவ்வளவு வலுவானதில்லையாம். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். கடையில் வாங்கிய தாளில் "ஒரு வருடத்துக்கு" என்று எழுதி முத்திரை ஒட்டினால் அது ஒரு வருடக் குத்தகை ஆகாது. வீட்டில் இருந்து மாதாமாதம் வாடகை கொடுத்து, அதை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு வந்தால், அது மாத வாடகையாகக் கொள்ளப்படும். அதை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு கிழமை.

அப்படியென்றால் எங்கள் பக்கம்தானே சட்டம் என்று எழும்பினோம். "பொறுங்கோ" என்றாள். அந்த ஒரு மாத அறிவித்தல் வாடகையாளருக்கு உரியது. வாடகையாளர் யார்? 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவை வாசித்துக் காட்டினாள். ஒரு வீட்டின் ஒரு பகுதி ஒருவருக்கு வாடகைக்கோ கீழ்வாடகைக்கோ விடப்பட்டதாகக் கொள்ள, அது பிரித்தறியக்கூடிய தனிப் பகுதியாக இருக்கவேண்டும், அவர் வாடகை கொடுத்துத் தனித்து அனுபவிக்கவேண்டும், கொடுத்தவர் அந்தப் பகுதி மீதான தன் கட்டுப்பாட்டை விட்டிருக்கவேண்டும். ஒரு அறையைப் பாவிக்க அனுமதிக்கப்பட்டார் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் வாடகையாளர் ஆகிவிடமாட்டார். அதே பிரிவுதான், வீட்டுக்காரரின் எழுத்துமூல முன்சம்மதம் இல்லாமல் வாடகையாளர் கீழ்வாடகைக்கு விடக்கூடாது என்றும் சொல்கிறது. இந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, விதிவிலக்குகள் நிறைய. ஆனாலும் சட்டம் எங்களை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது அந்த வரியில் தெரிகிறது. கதவில்லாத அறையில், அன்ரி நினைத்த நேரம் வந்து போகும் வீட்டில், கட்டிலுக்குக் காசு கொடுக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் வாடகையாளர் இல்லை. விருந்தாளிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறாள்.

எங்கட வீட்டுப் பின்பாதி தனிப் பகுதிதான், சாவியும் எங்களிடம்தான் இருந்தது. மாதாமாதம் காசை அன்ரியின் கையில் கொடுத்ததும் நாங்கள்தான். எனவே "நாங்களும் வாடகையாளர்கள்" என்று வாதிட இடம் இருந்தது என்று சினேகிதி சொன்னாள். வாய்ப்பேச்சாலும் மாத வாடகை உருவாகலாம். ஆனால் அதை நிரூபிக்கவேண்டும். யாருடைய பெயரில் ரசீது? ரசீதே இல்லை.

பலவந்தமாக வெளியேற்றினால் வேறொரு வழி இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66, 68 ஆம் பிரிவுகள். காணி, வீடு சம்பந்தமான பிணக்கால் சமாதானக் குலைவு வரலாம் என்றால் பொலிஸோ பிணக்கில் உள்ள ஒருவரோ நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே முதலில் பார்க்கப்படுவது உரித்தாளர் யார் என்பதை அல்ல, உண்மையில் யார் இருந்தார்கள் என்பதைத்தான். தகவல் கொடுப்பதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் திரும்ப உள்ளே விடும்படி கட்டளையிடலாம். அறையை மட்டும் பாவித்தவருக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். எப்படியோ, அந்த இரண்டு மாதத்தை நினைவில் வைத்திருங்கள். பூட்டை மாற்றினால், சாமானை வெளியே போட்டால், "சோதனை முடியட்டும், பிறகு பாப்பம்" என்று இருக்கவேண்டாம். எங்களை அன்ரி தள்ளவில்லை. நாங்களாகவே ஓட்டோ பிடித்துச் சாமான் ஏற்றினோம். அதனால் எங்களுக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது.

அன்ரியைக் கெட்டவவாகக் காட்டிவிட்டோமோ என்று எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. அவ விதவை, பிள்ளைகள் வெளிநாட்டில், பின்பாதி வாடகைதான் கைச்செலவு. "வாடகைக்குக் குடுத்தா எழுப்பேலாது" என்ற பயம் யாழ்ப்பாணத்தில் வீடு வைத்திருக்கும் எல்லோரிடமும் இருக்கிறது. அது வெறும் கற்பனையும் இல்லை. வாடகை வழக்கு வருடக் கணக்கில் இழுபடும் நாடு இது. எழுதிக் கொடுத்தால் உரிமை கேட்பார்கள் என்று பயந்து எழுதாமல் விடுகிறார்கள். எழுதாமல் விட்டபடியால் நாங்கள் அந்தரத்தில் நிற்கிறோம். அவவின் பயம் எங்களுக்கு விளங்குகிறது. அதற்காக 18,000 பெயின்ற் காசை விளங்கிக்கொள்ள ஏலாது. சுவரில் நாங்கள் அடித்தது நாலு ஆணி.

கொழும்பில் இருந்து வந்த எங்கட ஒருத்தியின் பெரியம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவ வேறொன்றைச் சொன்னா. வாடகை வீட்டில் எங்கட பெயரும் பதியப்பட்டிருக்கவேண்டும் என்பது அவர்களுக்குக் காசு விசயம் இல்லை, பயம். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் பொலிஸில் பதியவேண்டும். பதியாத ஆள் இரவில் சோதனை வந்தால் என்ன சொல்வது? 2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டவர்களை, நகரில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எங்கட அட்வான்ஸ் கதையையும் அதையும் ஒன்றென்று சொல்லவரவில்லை. அரசு செய்தது வேறு, அன்ரி செய்தது வேறு. ஆனால் காசு கொடுத்து இருக்கிற இடத்திலேயே "நீ ஏன் இங்க?" என்ற கேள்விக்குக் காட்ட ஒரு துண்டும் இல்லாமல் இருப்பது எங்கட ஆட்களுக்குப் புதிது இல்லை. இவ்வளவு பட்ட சமூகம் தன் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கும்போதும் பெயர் எழுத யோசிப்பதுதான் எங்களுக்கு வலிக்கிறது.

வெளிக்கிட்ட பிறகு கோண்டாவில், கொக்குவில் பக்கம் வீடு தேடினோம். இந்த முறை அப்பாமார் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நாங்களே போய், நாலு பேரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதவேண்டும், மாதாமாதம் ரசீது வேண்டும் என்று முதல் நாளே சொன்னோம். "பெயர் எழுதச் சொன்னா ஒருத்தரும் வீடு தராயினம்" என்று எல்லோரும் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னது பாதி சரி. முதல் வீட்டில் "நீங்கள் என்ன, கோட்டுக்குப் போற ஆக்களோ?" என்று கேட்டு அனுப்பினார்கள். இரண்டாவது வீட்டில் திரும்பப் போன் எடுப்பதாகச் சொன்னார்கள், எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டு அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாங்கள் எழுதிக்கொண்டுபோன தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஒரு சீ.ஆர் கொப்பியை எடுத்து அதிலேயே எழுதுவோம் என்றார். நாலு பெயர், அட்வான்ஸ் ஒவ்வொருவரும் எவ்வளவு, யாராவது ஒருவர் வெளிக்கிட்டால் மற்றவர்கள் இருக்கலாம், இரண்டு பக்கமும் ஒரு மாத அறிவித்தல், மீற்றர் வாசிப்பு. அறைகளையும் சுவர்களையும் அன்றே போனில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பினோம். நொத்தாரிசு எழுதிய பத்திரம் இல்லைதான். ஆனால் யார் இருந்தார்கள், யார் கொடுத்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது எங்களுக்குள் எழுதிக்கொண்ட தாள். வீட்டுக்காரரோடு எழுதுவதை எல்லோரும் ஏற்பார்கள். சினேகிதிகளுக்குள் எழுதச் சொன்னால் "என்ன, என்னை நம்பேல்லையோ?" என்ற கேள்வி வரும். எங்களுக்கும் வந்தது. ஒருத்தி ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. ஆனால் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். கையெழுத்து வைத்தவர் பக்கமும் அநியாயம் நடந்திருக்கலாம். நாங்கள் இரண்டு மாதம் வாடகை கொடுக்காமல் ஓடியிருந்தால் அன்ரி அதிபரிடம்தான் போயிருப்பா. ஒருவருடைய பெயரில் எல்லோரும் இருப்பது அவருக்கு அதிகாரம் மட்டும் இல்லை, எல்லோருடைய கடனும்தான். எனவே எழுதினோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள், இடையில் போகிறவர் ஒரு மாதத்துக்கு முன் சொல்லவேண்டும், புதிதாக வருகிறவரின் அட்வான்ஸ் அங்கிளின் கொப்பியில் ஏறாமல் கைமாறக்கூடாது. கடைசி வரியை எழுதச் சொன்னவள் எங்கட இளையவள்தான்.

பழைய 5,500 ரூபாவை என்ன செய்வது என்று இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். இப்படிச் சின்னத் தொகைப் பிணக்கு என்றால் நீதிமன்றத்துக்கு முன் இணக்கசபைக்குப் போகவேண்டும். அங்கே சட்டத்தரணிமார் வந்து கதைக்க முடியாது, இரண்டு பக்கமும் நேரே இருந்து கதைப்பதுதான். இருவர் போகலாம் என்கிறார்கள். இருவர், அன்ரியை அங்கே கூப்பிடுவது சரியில்லை என்கிறார்கள். அதிபரிடமும் கேட்கவேண்டும், ஏனென்றால் மனுவில் முதல் பெயர் அவருடையதாகத்தான் வரவேண்டியிருக்கும் போல.

புது வீட்டில் கொப்பியில் பெயர் எழுதும்போது அங்கிள் ஹற்றன் சினேகிதியின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார். அவள் பேனையை வாங்கி வெட்டி, தன் பெயரையும் தோட்டத்து முகவரியையும் தானே எழுதினாள். அவர் அதை வாசித்துவிட்டு, அடுத்த முறை ஊருக்குப் போனால் நல்ல தேயிலை கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தாள், காசும் வாங்கினாள். போன மாத ரசீது மட்டும் இன்னும் எங்கட கைக்கு வரவில்லை. நாளைக்குப் போய்க் கேட்கவேண்டும்.